முடிவு தேதி போட்டதும் நிலைச்சு நின்னாங்க: இளம் வாலண்டியர்களோட நாங்க பட்ட பாடு, ஒரு நிகழ்வு ஆய்வு

தனியா இருக்கற பெரியவங்களுக்கு வாரத்துல ஒரு நாள், சொன்ன நேரத்துல போன் பண்ணி அரை மணி நேரம் பேசணும். எங்க அமைப்போட வேலை மொத்தமும் இவ்வளவுதான். நாங்க கண்டுபிடிச்ச புது விஷயமும் கிடையாது, பிரிட்டன்ல எஸ்தர் ரான்ட்சன் 2013-ல ஆரம்பிச்ச சில்வர் லைன்லயும் இதே மாதிரி வாராவாரம் கூப்பிட்டுப் பேசற நண்பர்கள் உண்டு. நான் இங்க வாலண்டியர் கோஆர்டினேட்டர். சம்பளம் வாங்கறவங்க என்னையும் சேத்து மூணே பேர், மத்தபடி போன்ல பேசறவங்க எல்லாருமே வேலைக்குப் போற சின்ன வயசுக்காரங்க: டெஸ்டர், ஆடிட் ஆபீஸ் ஜூனியர், பிசியோதெரபிஸ்ட், ஹெச்ஆர், ஒரு ஆர்க்கிடெக்ட்.

இத எழுதச் சொன்னது எங்க போர்டுல இருக்கற ஒருத்தர். "நல்லா போனத மட்டும் எழுதினா ஆண்டறிக்கை ஆயிடும், அத நாமளே படிக்கறதில்ல"ன்னார். அதனால சொதப்பினதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

வியாழக்கிழமை ஆறு மணி

ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தங்க எங்க லிஸ்ட்ல இருந்தாங்க, டீச்சரம்மான்னே வெச்சுக்குவோம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அவங்க நேரம். பேசற பையன் சாஃப்ட்வேர் டெஸ்டர், இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், மூணு மாசமா ஒரு வாரம் கூட விடாம பேசிட்டிருந்தான், அவன் பேச்சுல வர்ற ஒற்றுப்பிழைய எல்லாம் போன்லயே திருத்தற அளவுக்கு டீச்சரம்மாவும் பழகிட்டாங்க. அப்புறம் ஒரு வாரம் கால் போகல. அடுத்த வாரமும் போகல. மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை காலைல ஆபீஸ் நம்பருக்கு டீச்சரம்மாவே கூப்பிட்டாங்க. புகார் சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சு நான் மன்னிப்பு கேக்க ஆரம்பிச்சா, அவங்க கேட்டது வேற.

"அந்தத் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மூணு வாரமா நாற்காலிய போன் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்திருக்கேன், அவனுக்கு என்னாச்சோன்னு மனசு அடிச்சுக்குது."

எனக்கு வாயே வரல. ஏன்னா மூணு வாரமா கால் போகலங்கறதே அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பையன புடிக்க நாலு நாள் ஆச்சு. மெசேஜ் பாத்துட்டான், நீல டிக் விழுந்துடுச்சு, பதில் இல்ல. கடைசில வேற ஒரு வாலண்டியர் மூலமா பேசினப்போ அவன் சொன்னத அப்படியே எழுதறேன்: "மொத வாரம் ரிலீஸ் இருந்துச்சு, நெசமாவே முடியல. ரெண்டாவது வாரம் நேரம் இருந்துச்சு, ஆனா போன வாரம் ஏன் பேசலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. மூணாவது வாரம் வெக்கமா போச்சு. அதுக்கப்புறம் உங்க நம்பர பாத்தாலே எடுக்கத் தோணல."

அது வரைக்கும் எங்க மீட்டிங்ல ஒரே பல்லவிதான், இந்தக் காலத்துப் பசங்களுக்கு கமிட்மென்ட் இல்ல, போட்டோ எடுக்க வருவாங்க, போட்டோ போட்டதும் போயிடுவாங்க. நானும் பாடியிருக்கேன். இவன் சொன்னதக் கேட்டப்புறம் பழைய லிஸ்ட எடுத்து, காணாம போனவங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட ஆரம்பிச்சேன். திட்டறதுக்கு இல்ல, எப்போ நின்னீங்க, அதுக்கு முந்தின வாரம் என்ன நடந்துச்சுன்னு கேக்கறதுக்கு மட்டும். எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கதை ஒண்ணுதான். ஆபீஸ்ல ஒரு நெருக்கடி, ஒரு தடவ தவறுது, அத சொல்றதுக்கு ஆள் இல்ல, ரெண்டாவது தடவ தவறுது, அப்புறம் முகத்துல முழிக்க சங்கடம். "விலகறேன்"னு சொல்லிட்டுப் போறதுக்கு எங்க கிட்ட ஒரு வழியே இருந்ததில்ல. சேர்றதுக்கு ஃபார்ம் இருந்துச்சு, போறதுக்கு எதுவும் இல்ல. அந்த ஃபார்ம்லயும் எவ்வளவு நாளைக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. ஆயுசுக்கும் பேசறதா சத்தியம் வாங்கின மாதிரி.

குரூப்ல 60 பேர்

எங்க வாட்ஸ்அப் குரூப்ல அப்போ 60 பேர் இருந்தாங்க. "இந்த வாரம் ரெண்டு பேருக்கு கால் பண்ண ஆள் இல்ல, யாராவது எடுத்துக்க முடியுமா?"ன்னு போட்டா கும்பிடற கை நாலு வரும், இதயம் ரெண்டு வரும், ஆள் வராது. 60 பேர் இருக்கறாங்களே, வேற யாராவது பாத்துக்குவாங்கன்னு 60 பேரும் நெனைக்கறாங்க.

இதுக்கு பழைய ஆராய்ச்சி ஒண்ணு உண்டு. மேக்ஸ் ரிங்கல்மான்னு ஒரு பிரெஞ்சு விவசாயப் பொறியாளர், ஆளுங்கள கயிறு இழுக்க வெச்சு அளந்து 1913-ல வெளியிட்டார்: ஆள் கூடக்கூட ஒவ்வொருத்தரும் போடற பலம் குறைஞ்சுட்டே போகுது. 1979-ல லடானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ்னு மூணு அமெரிக்க உளவியலாளர்கள் கயிறுக்குப் பதிலா கை தட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பாத்தாங்க, அங்கயும் அதேதான். நமக்கு முக்கியமானது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க செஞ்சது. ஒவ்வொருத்தர் கத்தறதும் தனித்தனியா அளக்கப்படுதுன்னு ஆளுங்களுக்குத் தெரிஞ்சதும் அந்த சோம்பல் காணாம போச்சு. அதாவது ஆளுங்க மாறல, யாரு எவ்வளவு பண்றாங்கன்னு தெரியற மாதிரி ஆச்சு, அவ்வளவுதான்.

இதப் படிச்சுட்டு நாங்க உடனே பண்ணது ஒரு மடத்தனம். லீடர்போர்டு போட்டோம். மாசத்துல அதிக கால் பண்ணவங்க பேரு மேல. மொத மாசமே ஒருத்தர் எட்டவே முடியாத எண்ணிக்கையோட முதலிடம் வந்தார், என்னன்னு பாத்தா எல்லாமே நாலு நிமிஷ கால். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வெச்சுடறேன்." அவர் மேல தப்பில்ல, நாங்க எத எண்ணினோமோ அதத்தான் அவர் குடுத்தார். லீடர்போர்ட தூக்கிட்டோம். சர்டிஃபிகேட், டிஷர்ட், பேட்ஜ் இதெல்லாம் பத்தி எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல, குடுத்தோம், வாங்கிக்கிட்டாங்க.

வெப்சைட் புராணம்

இன்னொரு சொதப்பல் வேற ரகம். டெவலப்பர்கள் வாலண்டியரா வர்றாங்களே, வெப்சைட் புதுசா பண்ணிடலாம்னு ஆரம்பிச்சோம். மொத ஆள் டிசைன் போட்டு அனுப்பினார். எங்க ஃபவுண்டர் மேடம் ஊர் ஊரா சுத்திட்டிருந்தாங்க, பாத்து சொல்றேன்னாங்க, பாக்க மூணு வாரம் ஆச்சு. பாத்துட்டு "இந்த நீலம் வேண்டாம், அப்புறம் டொனேஷன் பேஜ் ஒண்ணு, அப்புறம் பெரியவங்களே லாகின் பண்ற மாதிரி ஏதாவது"ன்னாங்க. அவர் பண்ணார். அப்புறம் இன்னும் ரெண்டு. அப்புறம் அவர் ஆபீஸ்ல ஆன்சைட் வந்துடுச்சு, போயிட்டார். ரெண்டாவது ஆள் வந்து, மொத ஆளோட கோட் புரியல, மொதல்ல இருந்து எழுதறேன்னார். மூணாவதா வந்த பொண்ணுதான் கேட்டா, டொமைன் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்குன்னு. மொத ஆளோட சொந்த மெயில்ல.

பையன் விஷயத்துல நாங்க குத்தம் சொன்ன மாதிரியே இங்கயும் "டெவலப்பர்கள் பாதில விட்டுட்டுப் போயிடறாங்க"ன்னுதான் பேசிட்டிருந்தோம். அந்தப் பொண்ணு மெயில் எல்லாம் எடுத்து தேதி போட்டு ஒரு ஷீட் பண்ணா: டெவலப்பர் கைல வேலை இருந்த நாள் எவ்வளவு, எங்க கைல பதிலுக்காகக் காத்திருந்த நாள் எவ்வளவு. எங்க பக்கம்தான் நீளம். பாக்கவே கண்றாவியா இருந்துச்சு. மீட்டிங்ல யாரும் எதுவும் பேசல.

சான் பிரான்சிஸ்கோல ஆரன் ஹர்ஸ்ட் 2001-ல தொடங்கின டேப்ரூட் ஃபவுண்டேஷனப் பத்தி எங்களுக்குச் சொன்னதும் அவதான். மார்க்கெட்டிங், டிசைன், ஹெச்ஆர் ஆளுங்க தங்க தொழில் திறமைய தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமா குடுக்கறதுதான் அங்க வேலையே. இலவசமா இருந்தாலும் காசு குடுத்து வாங்கற கன்சல்டிங் மாதிரியே நடத்தறாங்க: என்ன செஞ்சு குடுப்போம், அதுல என்ன சேராது, எந்தக் கட்டத்துல யாரு ஓகே சொல்லணும், எப்ப முடியும், எல்லாம் ஆரம்பிக்கும்போதே எழுதிடறாங்க. இலவசம்ங்கறதாலயே எதுவும் எழுதாம விட்டவங்க நாங்க. காசு குடுத்திருந்தா மூணு வாரம் பதில் சொல்லாம இருந்திருப்போமா?

12 வாரம்

ரெண்டு கதையிலயும் ஓட்டை ஒரே எடத்துலதான், எங்க முடியுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால மொதல்ல மாத்தினது அத. இனிமே யாரு சேந்தாலும் 12 வாரம். மொத கால்லயே பெரியவங்ககிட்ட "இன்ன தேதி வரைக்கும் நான் பேசுவேன்"னு சொல்லிடணும். 11-வது வாரம் நான் கூப்பிட்டு தொடர்றீங்களா, நிறுத்திக்கறீங்களான்னு கேப்பேன். நிறுத்தறேன்னு சொன்னா "ரொம்ப நன்றி", அவ்வளவுதான், ஏன்னு நோண்டறது கிடையாது. கடைசி கால்ல அடுத்த ஆளும் லைன்ல இருப்பாங்க.

ஃபவுண்டர் மேடத்துக்கு இது பிடிக்கவே இல்ல. "நாமளே போகச் சொல்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. நியாயமான பயம்தான். ஆனா பெரிய அளவுல இளைஞர்கள சேத்தவங்கள பாத்தா எல்லாருமே காலக்கெடு வெச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க. அமெரிக்க அரசு தன்னார்வலர்கள வெளிநாட்டுக்கு அனுப்பற பீஸ் கோர் 1961-ல ஆரம்பிச்சது, மூணு மாச ட்ரெயினிங், ரெண்டு வருஷ சேவை. வெண்டி கோப் 1989-ல பிரின்ஸ்டன்ல எழுதின இளங்கலை ஆய்வேட்டுல இருந்து பொறந்த டீச் ஃபார் அமெரிக்கா, 2009-ல வகுப்புகள்ல இறங்கின டீச் ஃபார் இந்தியா, ரெண்டுமே படிச்ச இளைஞர்கள வசதியில்லாத பசங்க பள்ளிக்கூடத்துல டீச்சரா போடற அமைப்பு, ரெண்டுமே ரெண்டு வருஷம். ஐபிஎம் 2008-ல ஆரம்பிச்ச கார்ப்பரேட் சர்வீஸ் கோர்ல ஊழியர்கள குழுவா வெளிநாட்டுக்கு அனுப்பினது நாலு வாரத்துக்கு. ரெண்டு வருஷம்னு சொன்னதாலதான் நல்ல வேலை கைல இருக்கறவன் கூட சரி, போய்ப் பாப்போம்னு கெளம்பறான். வாழ்க்கை பூரா ஆசிரியரா இருன்னு சொல்லியிருந்தா அதுல எத்தனை பேர் ஃபார்மையே தொட்டிருப்பாங்க? ரெண்டு வருஷத்துல ஒரு டீச்சர் உருவாக முடியுமா, கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள கெளம்பினா பசங்க கதி என்னன்னு அந்த மாடலுக்கு பலமான விமர்சனமும் இருக்கு, அது நியாயமும் கூட. அதுக்கு கீழ வர்றேன்.

ரெண்டாவது மாத்தம், ஒரு பெரியவருக்கு ரெண்டு பேர். ஒருத்தர் வழக்கமா பேசறவர், இன்னொருத்தர் மாத்து ஆள், மாசத்துல ஒரு தடவ அவரும் பேசி குரல் பழகி வெச்சிருப்பார். முடியாதுன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதில்ல, மாத்து ஆளுக்கு ஒரு மெசேஜ், "இன்னிக்கு நீ". கூகுள் ஷீட்ல ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பேரு, கால் முடிஞ்சதும் ஒரு டிக், ராத்திரி ஒன்பது வரைக்கும் டிக் விழலன்னா எனக்கு மெயில் வரும். 60 பேர் குரூப்ப மூடலாம்னுதான் பாத்தோம், பொறந்தநாள் வாழ்த்துக்கு வேணும்னு கெஞ்சினாங்க, விட்டுட்டோம்.

மூணாவது, சேரும்போது ஒரு கேள்வி: "ஏன் வந்தீங்க?" முன்னாடி கேட்டா எல்லாரும் "சமூகத்துக்கு ஏதாவது செய்யணும்"னே சொல்லுவாங்க, ஏன்னா அதான் சொல்ல வேண்டிய பதில். கிளாரி, ஸ்னைடர்னு ரெண்டு உளவியலாளர்கள் தங்க குழுவோட 1998-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணுல தன்னார்வலர்கள் வர்றதுக்கு ஆறு காரணம் பிரிச்சிருக்காங்க: கொள்கை, கத்துக்கறது, தொழில் வளர்ச்சி, நட்பு வட்டம், மனசுல இருக்கற பாரத்த இறக்கறது, தன்ன பத்தி தனக்கே நல்லா தோணறது. வந்த காரணமும் குடுத்த வேலையும் பொருந்தினா திருப்தியும் அதிகம், தொடரணும்ங்கற எண்ணமும் அதிகம். நாங்க இந்த ஆற எழுதி நீட்டி, எதுக்கு வேணா டிக் பண்ணுங்க, எதுவும் கேவலம் இல்லன்னு சொன்னோம். அப்பதான் உண்மை வந்துச்சு. ஒரு பொண்ணு "தொழில்"ல டிக் பண்ணா, டீம் லீட் ஆகணும், ஆளுங்கள நடத்தின அனுபவம் இல்லன்னு மேனேஜர் சொல்லிட்டார்னு. அவளுக்கு கால் வேலை குடுக்கல, எட்டு வாலண்டியர்கள பாத்துக்கற வேலை குடுத்தோம். ஆடிட் ஆபீஸ் பையன் ஒருத்தன் பாட்டி எறந்து ஒரு மாசம் ஆகியிருந்துச்சு, பாரத்துல டிக். அவன உடனே ஒரு பாட்டியோட கோர்க்கலாமான்னு எனக்கு பயம், கேட்டேன், "தாத்தா யாராவது இருந்தா குடுங்க"ன்னான்.

தாத்தா சொன்ன ஆட்சேபம்

இதுல அடி வாங்கினது பெரியவங்க பக்கம். ரெண்டாவது சுத்துலயே ஒரு தாத்தா போன வெச்சுட்டார். "பழகறதுக்குள்ள ஆள மாத்திடறீங்க. என்ன வெச்சு உங்க பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறீங்களா?" டீச் ஃபார் அமெரிக்காவுக்கு வந்த விமர்சனம் எங்களுக்கும் வந்துடுச்சு, சின்ன சைஸ்ல. அவர் சொன்னதுக்கு எங்ககிட்ட முழுசா பதில் இல்ல. வாலண்டியருக்கு வசதியான கால அளவு, பெரியவருக்கு வசதியான கால அளவு, ரெண்டும் ஒண்ணு இல்ல.

நாங்க செஞ்ச சமரசம் இது: ரெண்டு பேரும் விரும்பினா 12 வாரம் முடிஞ்சதும் இன்னொரு 12, அப்புறம் இன்னொண்ணு. ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்கணும், தானா ஓடக்கூடாது. அப்புறம் மாத்து ஆள் இருக்கார் இல்லையா, வழக்கமானவர் போனா அவர்தான் அந்த எடத்துக்கு வருவார், அதனால புதுக் குரல் வராது. அப்படியும் தாத்தா சமாதானம் ஆகல, மூணு மாசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தார். நான் எதிர்பாக்காதது, 11-வது வாரம் கேக்கும்போது தொடர்றேன்னு சொல்றவங்கதான் அதிகம். முன்னாடி ஆயுசுக்கும்னு சேந்தவங்க ரெண்டு மூணு மாசத்துல மறைஞ்சாங்க, இப்போ 12 வாரத்துக்குன்னு வந்தவங்க நாலாவது சுத்துல நிக்கறாங்க. போலாம்னு கதவு தொறந்திருக்கறப்போ இருக்கறது அவங்களே எடுத்த முடிவா ஆயிடுது போல. இது என் ஊகம்தான்.

வெப்சைட்டும் முடிஞ்சுது, மூணாவதா வந்த அதே பொண்ணு, அஞ்சு பக்கம், ஒரு பக்க ஒப்பந்தம், அதுல ஒரு வரி: அமைப்பு தரப்புல அஞ்சு வேலை நாளுக்குள்ள பதில் வரலன்னா அந்த டிசைன் ஓகே ஆனதா அர்த்தம். ஃபவுண்டர் மேடம் ரெண்டு தடவ அஞ்சு நாள விட்டாங்க. அந்த நீலம் இன்னும் அங்கதான் இருக்கு.

கம்பெனிக்காரங்க

ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஒரு நாள் 60 பேர அனுப்பும். போன்ல பேசற அமைப்புல 60 பேர ஒரே நாள்ல என்ன பண்ண வைக்கறது? அந்த ஒரு நாளுக்காக நாங்க ஒரு வாரம் உக்காந்து வேலை உருவாக்குவோம், வாழ்த்து அட்டை செய்யறது, கவர் ஒட்டறது, பேனர். அவங்களுக்கும் தெரியும் அது உப்புக்குச் சப்பாணி வேலைன்னு. ரெண்டாவது வருஷம் துணிஞ்சு வேண்டாம்னு சொன்னோம். அதுக்கு பதிலா நாலே பேரு, 12 வாரம், வாரம் ஒரு மணி நேரம், ஆனா அந்த ஒரு மணி ஆபீஸ் நேரத்துலயே இருக்கணும்னு கேட்டோம். ஹெச்ஆர் முதல்ல முகம் சுளிச்சாங்க, 60 பேர் போட்டோ போய் நாலு பேர் போட்டோ வருதேன்னு.

இந்த ஆபீஸ் நேரம்ங்கறது நான் நெனச்சத விட பெரிய விஷயம். சேல்ஸ்ஃபோர்ஸ்ங்கற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி 1999-ல ஆரம்பிச்சப்பவே பங்குல 1 சதவீதம், தயாரிப்புல 1 சதவீதம், ஊழியர் நேரத்துல 1 சதவீதம்னு ஒதுக்கினாங்க. அமெரிக்க வக்கீல் சங்கத்தோட மாதிரி விதி 6.1, ஒரு வக்கீல் வருஷத்துக்கு குறைஞ்சது 50 மணி நேரமாவது வசதியில்லாதவங்களுக்கும் பொது நன்மைக்கும் இலவசமா வேலை செய்ய முயற்சி பண்ணணும்னு சொல்லுது. அங்க அது தொழிலோட ஒரு பாகம், ஞாயித்துக்கிழமை தூக்கத்துல இருந்து திருடற நேரம் இல்ல. எங்க நாலு பேரும் ஒரு வாரம் கூட விடல, ஏன்னா அவங்க காலண்டர்ல அது மீட்டிங் மாதிரி புக் ஆகியிருந்துச்சு, அந்த நேரத்துல மேனேஜர் வேற மீட்டிங் போட முடியாது.

டெஸ்டர் பையன் கதை பாக்கி இருக்கு. 12 வாரம் வந்தப்புறம் அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன், இப்ப முடிவு தேதி உண்டு, மாத்து ஆள் உண்டு, வர்றியான்னு. ரெண்டு நாள் கழிச்சு "அவங்களேவா?"ன்னு கேட்டான். அவங்களேதான். மொத கால்ல நான் லைன்ல இருந்தேன், அவன் மன்னிப்பு கேக்க எழுதி வெச்சுப் படிக்கற மாதிரி ஆரம்பிச்சான், டீச்சரம்மா நடுவுல நிறுத்தி "அங்க ஒற்று மிகாது"ன்னாங்க. நான் லைன்ல இருந்து எறங்கிட்டேன்.

சம்பளத்துல இருக்கறவங்க

இவ்வளவு பண்ணியும் ஒண்ண மறந்துட்டோம். சம்பளத்துல இருக்கற மூணு பேரும் இளைஞர்கள்தான், எங்களுக்கு 12 வாரம் கிடையாது, மாத்து ஆள் கிடையாது. ஒன்பது மணிக்கு டிக் விழலன்னு மெயில் வந்தா நான்தான் எந்திரிச்சுப் பாக்கணும், ஞாயிறானாலும். டேட்டா பாத்துக்கிட்டிருந்த பொண்ணு, ரொம்ப கெட்டிக்காரி, நிறுவனங்கள்ல கெடைக்கறதுல பாதி சம்பளத்துக்கு வந்தவ, ஒரு நாள் லீவ் போட்டா, அடுத்த நாளும் போட்டா, மூணாவது நாள் போன் எடுக்கல. அது டெஸ்டர் பையன் செஞ்ச அதே மூணு படி. நான்தான் அதப் பத்தி பக்கம் பக்கமா எழுதி வெச்சவன், பக்கத்து சீட்ல நடந்தப்போ தெரியல. அவ ராஜினாமா மெயில்ல ஒரே வரி, "யாரும் என்ன தொடர்றியான்னு கேட்டதே இல்ல."

இப்போ ஷீட்ல ஸ்டாஃபுக்கும் ஒரு பக்கம் தொறந்திருக்கோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அதே கேள்வி, தொடர்றீங்களா, எந்த வேலைய கைமாத்தணும், உங்க மாத்து ஆள் யாரு. என் பேருக்கு நேரா ஒரு தேதி போட்டேன், மாத்து ஆளா எட்டு பேர பாத்துக்கற அந்த டீம் லீட் பொண்ணு பேரு. மேல இன்னொரு வரி இருக்கு, ஃபவுண்டர் மேடத்தோடது. அந்தக் கட்டம் ரெண்டு மாசமா காலியா கெடக்கு. அஞ்சு வேலை நாள் விதிய இதுக்கும் போடலாமான்னு போர்டுகாரர் கேட்டார், பதில் இன்னும் வரல.